கடைசிக் குடம்

1784 கார்த்திகை, பீர்கடி சிற்றரசின் மலைக்கோட்டை. கோர்க்கா படை ஊற்றை மறித்து ஆறு நாள் ஆகியிருந்தது. உள்ளே மிஞ்சியது ஒரு குடம் தண்ணீர். அது தெரிந்தால் எதிரி காத்திருந்தே கோட்டையைப் பிடித்துவிடுவான்.

எதிரியின் தூதனாக வாசலுக்கு வந்த ரண்தோஜ், கோட்டைத் தலைவன் ஜஸ்பீரின் மீத். சடங்கு செய்து நட்பானவன். மீத் கேட்டால் மறுக்கக் கூடாது.

"தாகமா இருக்கு மீத்ஜி, தண்ணி கொடுங்க."

"குடிக்க வந்தீங்களா, வேவு பாக்கவா?" ஜஸ்பீர் சிரித்தபடி குடத்தை வரவழைத்தான். "முதல்ல காலைக் கழுவுங்க."

பாதித் தண்ணீர் மண்ணில் ஓடியது. காவலர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரண்தோஜ் ஜஸ்பீரின் வெடித்த உதடுகளைப் பார்த்தான். "நீங்களும் குடிங்க."

"இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சேன்."

மிச்சத்தைக் குடித்துவிட்டு ரண்தோஜ் இறங்கிப் போனான். கோட்டையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று தளபதியிடம் சொன்னான். மறுநாள் காலை படை பின்வாங்கியது.