ராசி மேட்ச் பார்க்கக் கூடாது

காலிறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கியபோது நான் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் மேல்தாடையில் இருந்தேன். அதாவது, அவருடைய பல்செட்டுக்காக மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பல் ஆஸ்பத்திரியில் முன்பக்கம் அண்ணியின் ராஜ்ஜியம், அவர்தான் டாக்டர். பின்பக்க அறை என்னுடையது. ஒரு மேசை, ஒரு சின்ன அடுப்பு, மெழுகு வாசனை, அலமாரி நிறைய யார் யாருடைய வாயின் அச்சுகளோ. கதவைத் திறந்தால் நோயாளிகள் காத்திருக்கும் கூடம். அங்கே சுவரில் டிவி. அந்த டிவியில் என் அணி ஆடிக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தி, கன்னத்தில் அடைக்கிற பஞ்சுச் சுருளை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஒரு குட்டி நாட்டுக் கால்பந்து அணியின் ரசிகர் குழு. அந்த நாட்டில் எங்களில் யாரும் கால் வைத்ததில்லை. வரைபடத்தில் தொட்டுக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் கடலைத் தொடுவோம். மற்றவர்கள் ஏன் அந்த அணியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தெரியாது. நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கோல்கீப்பர். போன உலகக் கோப்பையில் ஒரு பந்தைத் தடுத்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. உலகமே பார்க்கிற ஆட்டத்தில் ஒரு மனிதன் ஓட்டைப்பல்லோடு அப்படிச் சிரிக்க முடியும் என்பது எனக்குப் புதிது. ஓட்டைப்பல்காரர்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தே தொழில் பழகியவன் நான். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், நான் பார்த்த ஆட்டங்களிலெல்லாம் அவர்கள் தோற்றார்கள். கரண்ட் போன அன்று ஜெயித்தார்கள். மனைவியின் தங்கை கல்யாணத்துக்குப் போய்ப் பார்க்காமல் விட்ட அன்றும் ஜெயித்தார்கள். குழு கூடி ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டுபிடித்தது. எனக்கு 'ராசி' என்று பெயர் சூட்டியது. ராசி மேட்ச் பார்க்கக் கூடாது. ஸ்கோர் பார்க்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை குழுவுக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. படித்தவன்தான் நான். ஆனால் இந்த உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தைக்கூட நான் பார்க்கவில்லை, அவர்கள் காலிறுதிவரை வந்துவிட்டார்கள். படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என்மீது இரக்கப்பட்ட ஒரே ஆள் கோல்கம்பம். முகப்புப் படத்தில் வலையில்லாத ஒரு கோல்கம்பத்தை வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். 'நடந்து முடிஞ்சத படிச்சா ஒண்ணும் ஆகாது' என்று குழுவிடம் எனக்காக வாதாடி அனுமதி வாங்கியவர். ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் தனியாக எனக்குச் செய்தி அனுப்புவார். 'நம்ம ஆளு வலது பக்கம் ஓடுனான், விழுந்தான், எழுந்தான், திட்டுனான்' என்கிற பாணியில். நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க, ஆஃப்சைடு விதியைப் பற்றி தினமும் என்னோடு மல்லுக்கட்டியவர். ஆஃப்சைடு எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அன்று காலையில்தான் அந்தச் செய்தி வந்தது. 'போன வாரம் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க ராசி. குழுவுல சொல்லாத. ஆளாளுக்கு பூங்கொத்து படம் அனுப்புவாங்க.'

பதறிப்போய் 'டாக்டர் என்ன சொன்னாருண்ணே?' என்று கேட்டேன்.

'படபடப்பு ஆகாதாம். மேட்ச் பாக்கக் கூடாதாம்.'

'அப்ப பாக்காதீங்க!'

'நான் எங்க பாக்குறேன்? உனக்குச் சொல்றதுக்காக டிவி முன்னாடி உக்காந்திருப்பேன். அவ்ளோதான்.'

நான் பார்க்காமல் இருப்பதற்காக அவர் பார்க்கிறார். 'எனக்கு ஒண்ணும் அனுப்ப வேணாம்ணே' என்று எழுதினேன். 'போடா' என்று பதில் வந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. செல்பேசி அதிரும் ஒவ்வொரு முறையும் பாய்ந்து எடுத்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து அலமாரிவரை போவேன்; யாருடையதோ கீழ்த்தாடை என்னைப் பார்த்து இளிக்கும்; திரும்பி வருவேன். வந்து ஒரு பல்லை நடுவேன். 'எழுத்து தப்பா வந்தா மன்னிச்சுக்க ராசி' என்று ஒன்று வந்தது. பிறகு 'பெனால்டி' என்று ஒரே ஒரு சொல்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பஞ்சைத் தாண்டி கூடத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அண்ணியிடம் ஊசி போட்டுக்கொண்டு, வாய் மரத்துப்போவதற்காக உட்கார வைக்கப்பட்டவர்களின் கூச்சல். சந்தோஷமா துக்கமா என்று அந்தச் சத்தத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு கூச்சல். செல்பேசி பேசாமல் கிடந்தது. 'அண்ணே' என்று அனுப்பினேன். 'அண்ணே, இருக்கீங்களா?' அனுப்பியதும்தான் அந்தக் கேள்வியின் லட்சணம் உறைத்தது.

கதவு திறந்தது. அண்ணி. காதைத் தொட்டுக் காட்டினார். பஞ்சை எடுத்தேன்.

"தம்பி, டீச்சரம்மா பல்ல முடிச்சாச்சா?" என்றவர், மேசையிலிருந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கோரப்பல்ல பக்கம் மாத்தி நட்டிருக்கீங்க. அந்தம்மா சிரிச்சா ரெண்டு பக்கமும் வேற வேற ஆளு சிரிக்கற மாதிரி இருக்கும்."

"அண்ணி, ஒருத்தரு பதில் அனுப்ப மாட்டேங்கிறாரு."

"யாரு?"

"கோல்கம்பம்."

வேறு அண்ணியாக இருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். இவர் என் முகத்தைப் பார்த்தார். "ஃபோன் பண்ணிப் பாருங்க. அதுக்குத்தான அத கண்டுபிடிச்சாங்க" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை காலப் பழக்கத்தில் நாங்கள் விரலால் மட்டுமே பேசியிருக்கிறோம். அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"ராசி அங்கிளா? இருங்க, அப்பா வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல சுத்திட்டிருக்காரு. பெனால்டி வந்துட்டா டிவி இருக்கற பக்கமே வர மாட்டாரு. நெஞ்சு நல்லா இருந்தப்பவே அப்படித்தான்."

சுவரில் சாய்ந்துகொண்டேன். செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு, நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட மெல்லிய ஒரு குரல்.

"ராசி! என்ன ஆச்சு? சொல்லு!"

"என்னைக் கேக்கறீங்க? நான் பாக்கலண்ணே."

"நானும் பாக்கல. அப்ப யாருதான்டா பாக்கறது?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணே, நீங்க உள்ள போவாதீங்க. அங்கயே உக்காருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"நீயா?" என்றார். அந்த 'நீயா'வில் குழுவின் தீர்ப்பு முழுவதும் இருந்தது. "வேணாம்டா. இவ்ளோ தூரம் வந்துட்டாங்க."

"சொன்னா கேளுங்கண்ணே."

கதவைத் திறந்து கூடத்துக்குப் போனேன். நான் திரையைப் பார்த்த அதே நொடியில் எங்கள் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. கன்னம் வீங்கிய ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் கூசியது.

"சொல்லு."

"வெளிய போயிடுச்சுண்ணே" என்றேன், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில். "கொஞ்சந்தான் வெளிய."

"கொஞ்சம்னா?"

"ஒரு கோரப்பல் அளவு."

இப்போது வைத்துவிடுவார், இனி ஆஃப்சைடுக்குக்கூடக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன்.

"சரி, பாரு" என்றார். "கண்ண எடுக்காம பாரு. இப்ப என்ன?"

"அடுத்தது அவங்க ஆளு. இது உள்ள போனா முடிஞ்சுது. புடிச்சா இன்னும் உயிர் இருக்கு. நீங்க மூச்சு விடுங்க."

"விடறேன். நம்ம ஆளு என்ன பண்றான்?"

கேமரா எங்கள் கோல்கீப்பரின் முகத்தருகே போனது. அவர் கோட்டின் மேல் நின்று, கையுறைகளைத் தட்டிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"சிரிக்கறாருண்ணே."

"இப்பவா? பல்லு கட்டிட்டானா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"நல்லது" என்றார் கோல்கம்பம்.

அண்ணி கையில் டீச்சரம்மாவின் பிசகிய தாடையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கூடத்திலிருந்த எல்லா வாய்களும், மரத்தவையும் மரக்காதவையும், டாக்டர் சொல்லாமலே திறந்திருந்தன. காதருகே செருப்புச் சத்தம் நின்றுபோய், சீரான ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அவர்கள் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான், நின்றான், ஓடிவரத் தொடங்கினான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"வரான்ணே" என்றேன். "மெதுவாத்தான் வரான்."