சத்தம் போகாத அறை

ஒலிப்பதிவாளருக்கு வேலை செய்யும் இடத்தில் "உஷ்" என்றுதான் பெயர். யாராவது இருமினால் உஷ், நாற்காலியை நகர்த்தினால் உஷ். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் மனைவி, "ஏங்க, இந்தத் தடவை வீட்டுலயே, அமைதியா, யாரும் எட்டிப் பாக்காம பெத்துக்கணும்ங்க" என்று கேட்டால் சும்மா இருப்பாரா?

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் பிரசவத்தில் கண் கூசும் விளக்குக்குக் கீழே பத்துப் பேர் சுற்றி நின்று, ஆளாளுக்கு "முக்கு, முக்கு" என்று அதட்டினார்கள். நிற்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை. இவர் எங்கோ ஒரு காட்டில் மழைச் சத்தம் பதிவு செய்துகொண்டிருந்தார். மழை என்னவோ பிரமாதமாகத்தான் வந்திருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவருக்கு. "இந்தத் தடவை உன் பக்கத்துலயே இருப்பேன், சத்தியமா" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தார்.

மருத்துவச்சி வந்து பார்த்தாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ஆஸ்பத்திரியும் ரெண்டு தெரு தள்ளித்தான், வீட்டிலேயே பார்க்கலாம் என்றாள். "மங்கலா ஒரு விளக்கு, கொஞ்சம் கதகதப்பு, சாத்தின கதவு. அவ்வளவு போதும். பெருசா ஒண்ணும் பண்ணாதீங்க."

பெரிதாக ஒன்றும் பண்ணாதே என்றால் இவருக்குக் காதில் ஏறுமா? ஏழு நாள் லீவு போட்டார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். காலிங் பெல் ஒயரைக் கழற்றினார். ஜன்னலுக்கு மெத்தை, சுவருக்குக் கெட்டியான பஞ்சு அட்டை, கதவுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்சு, கதவிடுக்கில் ரப்பர் பட்டை. மனைவியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, கூடத்தில் நின்று பித்தளைத் தட்டைக் கரண்டியால் அடித்தார்.

"கேட்டுச்சா?" கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னது கேட்டுச்சா?"

அடடா, அந்த ஒரு கேள்வியில் மனுஷனுக்கு ஜென்மம் சாபல்யம் ஆகிவிட்டது.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தது. மூத்தவளைச் சித்தி வீட்டில் விட்டாயிற்று. எல்லார் செல்போனையும் வாங்கி அணைத்து அலமாரியில் வைத்தாயிற்று. சரி, மூலையில் உட்கார வேண்டியதுதானே? இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்தார். விளக்கை ஒரு விரற்கடை நகர்த்தினார். "இப்ப அமைதியா இருக்கா?" என்று கேட்டார். மனைவி ஒரு முறை நீளமாக முனகியபோது, பழக்கதோஷம், "உஷ்" என்றே சொல்லிவிட்டார்.

மருத்துவச்சி அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாள். "இங்க இருக்கிற ஒரே தொந்தரவு நீங்கதான் சார். வலி தள்ளிப் போகுது. நேரம் வரும்போது கூப்பிடுறேன். கூப்பிடாம கதவைத் தொடாதீங்க."

கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் எழுந்து ஓட ரெண்டு எட்டுதான். காத்திருந்தார். அரை மணி, ஒரு மணி. உள்ளே இருந்து ஒரு முனகல் கூட இல்லை. 'எவ்வளவு நிம்மதியா இருக்கா பார்! எல்லாம் இந்த ஏற்பாடுதான்' என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். ஸ்டூல் கிறீச்சிடாமல் இருக்க மூச்சைக் கூட அடக்கித்தான் விட்டார் பாவி.

ஒன்றே கால் மணிக்குக் கதவு திறந்தது. திறந்ததும் கூடம் முழுக்க ஒரு அழுகை. பச்சைக் குழந்தையின் வீறிடல்.

முழங்கை வரை ஈரமாக மருத்துவச்சி நின்றாள். "காது கேக்காதா உங்களுக்கு? தொண்டை கிழியக் கத்தினேன். இவங்களும் கத்தினாங்க. தலை தெரியும்போது விட்டுட்டு வரவா முடியும்?"

இவர் கதவில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தார். வெளிச் சத்தம் உள்ளே போகாத அறையில் உள்ளே போடும் சத்தமும் வெளியே வராது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இவர் எடுக்கும் முதல் பாடமே அதுதான். தட்டை வெளியே நின்று அடித்துப் பார்த்த புத்திசாலிக்கு, ஒரு தடவை உள்ளே நின்று அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மனைவி தரையில் விரித்த மெத்தையில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நெஞ்சின் மேல் சிவப்பாக, கோபமாக, குட்டிப் பயல் ஒருத்தன்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. "அன்னிக்குப் பத்துப் பேர் இருந்தாங்க, நீங்க இல்ல. இன்னிக்கு யாருமே இல்ல. நீங்களும் இல்ல."

உலகத்தில் எந்த மூலையில் எது கொஞ்சம் முனகினாலும் கேட்கும் காதுக்கு, பெண்டாட்டி கூப்பிட்டது கேட்கவில்லை. பிள்ளையின் முதல் அழுகை கேட்கவில்லை. உள்ளே போகவே கூச்சமாக இருந்தது. ஸ்பாஞ்சு ஒட்டிய கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்போதும் சத்தம் வராமல்தான்.

மருத்துவச்சி துண்டைப் பிழிந்து காயப் போட்டாள். குழந்தை ஒரு நொடி ஓய்ந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி. "அங்க நின்னு அழுதா எனக்கு எப்படிங்க கேக்கும்? உள்ள வந்து அழுங்க."