மார்க்கரின் காது

"இன்னைக்கு நீ தோத்துடும்மா," என்றார் அப்பா.

மகளின் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தவர், அதைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை. அடுப்படியில் அம்மா கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

கிளப்பின் பின்கட்டில் இரண்டு அறை வீடு. ஸ்குவாஷ் கோர்ட்டின் மார்க்கர் என்பதால் கிடைத்தது. ஆட்டத்துக்குப் புள்ளி சொல்வதும், உறுப்பினர்களுக்கு ஆடக் கற்றுத் தருவதும் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. மகள் துண்டு துவைப்பாள். ஆட வரும் சீமாட்டிகளுக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிப் போடுவாள்.

"யாரு சொன்னா?" என்று கேட்டாள் மகள்.

"செயலாளர் நேத்து கூப்பிட்டாரு. கோப்பையே தலைவர் வீட்டுல குடுத்தது. அவங்க மருமக எதிர்ல ஆடறப்போ துண்டு துவைக்கிற பொண்ணு வாங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பா ஷூவின் நுனியில் மறுபடி பூசினார். அது ஏற்கெனவே வெள்ளையாகத்தான் இருந்தது.

"ஏழு பேர்தான் தேறினாங்க, எட்டாவதுக்கு ஆள் இல்லைன்னு இவளைச் சேர்த்தது அவங்கதானே?" என்றாள் அம்மா. "முதல் ஆட்டத்துலயே போயிடுவான்னு நினைச்சிருப்பாங்க. இவ போகல. அதுக்கு இவ என்ன பண்ணுவா?"

"வீடு அவங்களுது," என்றார் அப்பா.

மகள் ஷூவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் தோக்க மாட்டேன்ப்பா. புள்ளி சொல்றது நீங்க. முடிஞ்சா நீங்க தோக்கடிங்க."

அவரால் முடியாது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னாள்.

அந்தக் கிளப்பில் பெண்களுக்கென்று நடந்த முதல் போட்டி அது. பொம்பளைகள் வியர்க்க வியர்க்க ஓடுவதை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்ட ஆண்கள், அன்று மேல்மாடத்தில் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். தலைவரின் மருமகள் பெண்கள் அறையில் உடை மாற்றினாள். மார்க்கரின் மகள், வழக்கம்போல, துண்டு அடுக்கியிருக்கும் அறையில்.

ஸ்குவாஷ் கோர்ட்டின் முன்சுவரில், அடியில் முட்டி உயரத்துக்குத் தகரம் அடித்திருக்கும். பந்து அதில் பட்டால் டங்கென்று சத்தம் வரும்; அடித்தவருக்கு அந்தப் பந்து போயிற்று. மற்ற கிளப் மார்க்கர்கள் தகரத்தை உற்றுப் பார்ப்பார்கள். இவர் பார்க்கவே மாட்டார். மாடத்தில் தன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக் கேட்பார். நூல் அளவு உரசினாலும் சொல்லிவிடுவார். "பொண்டாட்டி கூப்பிடறது மட்டும்தான் அந்தக் காதுல விழாது," என்று உறுப்பினர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஒருவரும் அந்தக் காதோடு வாதாடியதில்லை.

இறுதியாட்டம் ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று ஐந்தாவதற்குப் போயிற்று. சர்வீஸ் போடுகிறவர் ஜெயித்தால்தான் புள்ளி; ஒன்பது எடுத்தால் கோப்பை. மகளுக்கு எட்டு, மருமகளுக்கு ஆறு. சர்வீஸ் மகளுடையது.

மருமகள் நன்றாகவே ஆடினாள். பின்மூலை வரை ஓடி, பந்தைத் தோண்டி எடுத்தாள். அது முன்னால் வந்து தொங்கியது. மகள் அவசரப்படவில்லை. ராக்கெட்டை மெல்லச் சாய்த்துத் தட்டினாள். பந்து தகரத்துக்கு ஒரு விரல் மேலே சுவரைத் தொட்டு, சத்தமே இல்லாமல் விழுந்து, மருமகள் ஓடிவருமுன் இரண்டு முறை துள்ளி, அடங்கியது.

மாடத்தில் செயலாளர் இருமினார்.

"தகரம்," என்றார் மார்க்கர்.

அது அவர் குரல் மாதிரியே இல்லை. மகள் திரும்பி மேலே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கூட்டத்தில் அப்பாவின் வேட்டி அவிழ்ந்துவிட்டதைப் பார்த்த பிள்ளை எப்படிப் பார்க்குமோ, அப்படிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மருமகள் சுவரைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மாடத்தில் அவள் மாமனார் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு பந்தை எடுத்தாள். சர்வீஸ் இப்போது அவளுடையது.

அவள் போட்ட பந்தை மகள் நேராகத் தகரத்தில் அடித்தாள். நட்டநடுவில், முழு பலத்தோடு. கோர்ட் அதிர்ந்தது.

"தகரம்," என்றார் மார்க்கர். ஏழு.

அடுத்த பந்தும் அதே இடத்தில். எட்டு. அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்து, சொல்லவேண்டியதைச் சொன்னார். மூன்றாவது முறை குரல் எழும்பவில்லை. தேவையும் இல்லை, செவிடனுக்கும் கேட்டிருக்கும்.

கை தட்ட யாருக்கும் உடனே தோன்றவில்லை. பிறகு செயலாளர் தட்டினார். கோப்பை கொடுத்த பிறகு மார்க்கரை ஒதுக்கி அழைத்து, "பொண்ணு கெட்டிக்காரி. நாளையிலேருந்து காலையில மருமகளுக்குப் பயிற்சி குடுக்கட்டும். அடுத்த வருஷம் போட்டி உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும்தான், தெரியுமில்ல?" என்றார்.

"சரிங்கய்யா," என்றார் மார்க்கர்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடைசியில ஏம்மா அப்படி அடிச்சே?" என்று கேட்டார்.

"நீங்க இன்னொரு தடவை பொய் சொல்ல வேணாம்னுதான்," என்றாள் மகள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் காலை மருமகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். மார்க்கர் வழக்கம்போல மாடத்துப் படியில் கால் வைத்தார்.

"அண்ணே, நீங்க வேணாம்," என்றாள் அவள். அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள். "வெளியில இருங்க. புள்ளி நாங்களே சொல்லிக்கிறோம்."

கோர்ட்டின் கதவு சாத்திக்கொண்டது. துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே நின்றார்.

"எட்டு, ஆறு," என்றது மருமகளின் குரல். "நீ போடு."

பந்து சுவரில் மோதியது. பின்மூலைக்குப் போயிற்று, திரும்பிற்று. ஷூக்கள் கிறீச்சிட்டன. கண்ணை மூடாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. பந்து இப்போது முன்னால் தொங்குகிறது. மகள் ராக்கெட்டைச் சாய்க்கிறாள். சுவரைத் தொட்டது. விழுந்தது. இரண்டு துள்ளல்.

நேற்றைப் போலவே, தகரம் பேசவில்லை.

"ஒன்பது," என்றாள் மருமகள்.

மார்க்கர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டுகளை உள்ளே கொடுக்க வேண்டும். கதவைத் தட்ட அவருக்குக் கை வரவில்லை.