பாலம் கடந்த புனிதர்

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மலை வாயைத் திறக்கவில்லை. சான் பர்த்தோலோ ஊருக்கு அதுவே ஒரு திருவிழாவாகிவிட்டது.

கால் மணிக்கொருமுறை உறுமுகிற மலை அது. ஊரில் அதைப் பெரியவர் என்பார்கள். பெரியவர் உறுமினால் கூரைத் தகரம் கடகடக்கும், அடுப்புப் பானையின் மூடி ஆடும், ஆனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாம்பல் விழாத நாளும் கிடையாது. இப்போது இரண்டு நாளாகக் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குள் வருகிறது. விடுவார்களா பெண்கள்? போர்வை, திரை, மேசைவிரிப்பு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் துவைத்துத் தள்ளினார்கள். ஞாயிறு காலையில் ஊர் முழுக்க வெள்ளை வெளேரென்று துணி பறந்தது.

செஃபெரினா மட்டும் துவைக்கவில்லை. பொதுத் தொட்டியின் முன்னால் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தண்ணியில புது மாப்பிள்ளை தெரியறானா?" என்றாள் பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த எலோய்சா.

"கையை எடு. எல்லாரும் கொஞ்சம் கையை எடுங்க."

எடுத்தார்கள். காற்று இல்லை, யாரும் தொடவும் இல்லை. ஆனாலும் தண்ணீரின் மேல் மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. எலோய்சாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

செஃபெரினாதான் அந்த ஊரின் மலைக் காவல். எரிமலை ஆய்வு நிலையத்தார் அவள் கையில் ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்திருந்தார்கள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும், மலை எத்தனை முறை உறுமியது, புகை என்ன நிறம் என்று அவள் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, ஊராரின் கேலி மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அவள் இடுப்பிலிருந்த கருவியை எடுத்து அழுத்தினாள். "ரூபென் தம்பி, தொட்டித் தண்ணி நடுங்குது. விடாம நடுங்குது."

மறுமுனையில் ஆய்வு நிலையத்துப் பையனின் குரல் தூங்காத குரலாக இருந்தது. "தெரியும்க்கா. இங்க அதிர்வு காட்டுற ஊசி நேத்துலேர்ந்து ஓயாம ஆடிக்கிட்டிருக்கு. புகைவாய் அடைச்சுக்கிச்சுன்னு நினைக்கிறோம். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு, ஊரைக் காலி பண்ற உத்தரவு அவங்கதான் போடணும்."

"எப்பப் போடுவாங்க?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைக்கா."

அவள் மலையைப் பார்த்தாள். உச்சியில் பொட்டுப் புகை இல்லை. அங்கிருந்து நேர்க்கோடாக இறங்கி வரும் பள்ளம், ஊரின் விலாவை உரசிக்கொண்டு போகிறது. பள்ளத்தின் மேல் ஒரே ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஹொகோத்தே ஊர். வாய் அடைத்த மலை உடைந்தால் எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் வரும், ஊரின் இருநூற்றுப் பதினான்கு பேரும் அதற்குள் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். உத்தரவுக்குக் காத்திருந்தால் முடியாது.

ஆனால் அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? போன வருஷம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. முறையான உத்தரவு வந்துதான் சொன்னாள். ஊரே நகரத்துப் பள்ளிக்கூடத்தில் போய் மூன்று நாள் சிமெண்டுத் தரையில் கிடந்தது. மலை ஒரு தும்மல்கூடப் போடவில்லை. திரும்பி வந்தால் கோழிகளைக் காணோம், பன்றிகளைக் காணோம்.

அதைவிடப் பெரிய கோபம் நிக்கானோருக்கு. அவர் பர்த்தோலோ புனிதரின் சபைத் தலைவர். ஊர்ப் பட்டியல் எதுவானாலும் முதல் ஆளாகப் புனிதரைத்தான் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா இருநூற்றுப் பதினான்கு என்று எழுதியபோது, "இருநூத்துப் பதினஞ்சு. புனிதர் எங்க ஊர் ஆளு" என்று சண்டைக்கு நின்றார். "சரி, அவர் எங்கே?" என்று குமாஸ்தா கேட்டான். புனிதரின் மரச் சிலையைக் கோயிலில் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எழுபது வயது மனிதர் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டார். அன்றிலிருந்து செஃபெரினாவுடன் பேச்சு இல்லை.

இருந்தாலும் போனாள். ஊர் மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். ஆண்கள் மொத்தமும் அங்கேதான் இருந்தார்கள்.

"பெரியப்பா, மலை அடைச்சுக்கிச்சு. இப்பவே கிளம்பணும்."

நிக்கானோர் பந்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உறுமினா ஓடுன்னே. இப்ப உறுமலைன்னாலும் ஓடுங்கிறே. பெரியவர் என்னதான் பண்ணணும், உன்கிட்ட வந்து கையெழுத்து வாங்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "செஃபெரினா, பாதி ஆட்டம் முடியட்டும், அப்புறமா ஓடறோம்!" என்று ஒருவன் கத்தினான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வாயும் நாளைக்கு இருக்க வேண்டுமே என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது.

கோயில் வாசலில் அவள் புருஷன் கிறிசாந்தோ மணிக்கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன்தான் கோயில் மணிக்காரன். அதிகம் பேச மாட்டான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பெரியவர் பேசாம இருந்தா எனக்கும் தூக்கம் வரலை" என்றான். பிறகு சொன்னான்: "நிக்கானோர் உனக்காக வர மாட்டார். உயிருக்காகவும் வர மாட்டார். புனிதருக்கு ஒண்ணுன்னா நரகத்துக்கே வருவார்."

செஃபெரினா அவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான்.

"அடிப் பாவி, வேண்டாம்டி" என்றான் கிறிசாந்தோ.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது. அந்தப் புனிதர் உண்மையில் தங்களுடையவர் என்று ஹொகோத்தே ஊரார் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு பெருவெள்ளத்தில் இக்கரையில் ஒதுங்கினாராம். அதற்காக இரண்டு ஊரும் அரிவாள் தூக்கியது உண்டு. புனிதர் அந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது, அவர் சப்பரத்தைப் பெண்கள் தொடக் கூடாது, எடுத்த சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை தரையில் படக் கூடாது. ஊரின் சட்டம் மொத்தமே இந்த மூன்றுதான்.

சாவி நிக்கானோர் வீட்டில் இருந்தது. அவர் மனைவி தொமித்திலா கதவைத் திறந்தாள். செஃபெரினா சுற்றி வளைக்கவில்லை. "பெரியம்மா, புனிதரைத் திருடப் போறேன், சாவி வேணும்" என்றாள்.

தொமித்திலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணீர் நடுங்கியது. அரை நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த சாவியை உருவினாள்.

"முன்தண்டு எனக்கு. நாப்பத்தாறு வருஷமா அந்தச் சப்பரத்துக்குப் பூக் கட்டறேன், ஒரு நாள் தோள் கொடுக்க விட்டானா அந்த மனுசன்?"

செஃபெரினாவும் தொமித்திலாவும் முன்னால், எலோய்சாவும் அவள் தங்கை பாஸிலியாவும் பின்னால். கையில் கத்தி ஏந்திய மரப் புனிதர் பார்க்கத்தான் சிறியவர், கனம் எலும்பை நொறுக்கியது. நால்வரும் மூச்சிரைக்கப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். பாலத்தில் கால் வைத்ததும் செஃபெரினா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கிறிசாந்தோ மணியைப் பிடித்து இழுத்தான்.

"திருட்டு! திருட்டு! பொம்பளைங்க புனிதரை ஹொகோத்தேக்குத் தூக்கிட்டுப் போறாங்க!" என்று கத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மைதானத்திலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது, பாருங்கள், அந்த மலை வாய் திறந்திருந்த நாளில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பந்து தனியாக உருண்டது. ஆண்கள் அரிவாளோடு ஓடி வந்தார்கள். பெண்கள் ஈரக் கையோடு, இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தார்கள். சண்டையைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பக்கவாதத்தில் கிடந்த கிழவர் தெல்ஃபினோ, "என்னைத் தூக்குங்கடா, அவளை நாலு வார்த்தை திட்டாம நான் சாக மாட்டேன்" என்று கட்டிலோடு கிளம்பினார்.

ஹொகோத்தே மேட்டில் அந்த ஊர்க்காரர்கள் அரிவாளோடு திரண்டுவிட்டார்கள். நால்வரும் மேடேறி அவர்கள் கோயில் முற்றத்தில் போய் நின்றார்கள். தோள் கழன்று விழுகிற நிலை, ஆனால் சப்பரத்தைக் கீழே இறக்கவில்லை.

பின்னால் ஊரே வர, நிக்கானோர் வந்து சேர்ந்தார். முதலில் தெரிந்தது முன்தண்டுக்கு அடியிலிருந்த தன் மனைவியின் முகம்தான். வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னய்யா பார்க்கறே?" என்றாள் தொமித்திலா. "வலிக்குது. வந்து பிடி."

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் கண் அவளைத் தாண்டி மலைக்குப் போயிருந்தது.

சத்தமே இல்லாமல்தான் தொடங்கியது. உச்சிக்குக் கீழே மலையின் தோள் ஒன்று மெதுவாகச் சரிந்தது. சரிந்த இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று எழுந்தது. மேகம் என்று சொல்லலாம், ஆனால் மேகம் மேலே போகும், இது கீழே வந்தது. பொங்கிப் பொங்கி, தன்மேலேயே புரண்டு, பள்ளத்தை நிறைத்துக்கொண்டு வந்தது. அது தொட்ட மரம் விழவில்லை, இல்லாமல் போனது. பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. காலடியில் பூமி ஒரு முழம் நகர்ந்து திரும்பிய மாதிரி இருந்தது. கோயில் ஓடுகள் கொத்தாகச் சரிந்து முற்றத்தில் விழுந்தன.

இரண்டு ஊர் ஜனமும் அரிவாளைப் பிடித்தபடியே பார்த்தது. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த மலை, பேர் சொல்லிக் கேலி செய்த மலை, இத்தனை நாள் தங்களைப் பொருட்படுத்தியதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு பெரியது! எவ்வளவு அழகாகவும் இருந்தது, அதை எப்படிச் சொல்ல! பள்ளம் வழிந்து ஊருக்குள் ஏறியது. கொடிகளில் வெள்ளைத் துணிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கமாக எழுந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு துணி இல்லை, தெரு இல்லை, மைதானம் இல்லை, பாலம் இல்லை. சூடு மேட்டின் மேல்வரை ஏறி முகத்தைச் சுட்டது.

எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியாது. வானம் இருண்டு சாம்பல் மழையாகக் கொட்டியது. ஹொகோத்தே ஆள் ஒருவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கோயில் கதவைத் திறந்தான். "உள்ள வாங்க. எல்லாரும் வாங்க" என்றான்.

வாசலில் நின்று நிக்கானோர் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு எண்ணி உள்ளே அனுப்பினார். கடைசியாகக் கிழவரின் கட்டில் போனது. "இருநூத்துப் பதினாலு!" என்று யாரோ கத்தினார்கள். "எல்லாரும் வந்தாச்சு!" அழுகையும் சிரிப்புமாகக் கோயில் அதிர்ந்தது.

நிக்கானோர் மட்டும் அசையவில்லை. "நான் புனிதரையே முதல் ஆளா வச்சு எண்ணினேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

ஓர் ஆள் குறைகிறது. யார் என்று செஃபெரினா கேட்கவில்லை. மணிச் சத்தம் எப்போது நின்றது என்று நினைத்துப் பார்த்தாள். ஊர் முழுக்கப் பாலம் ஏறியபோது அடித்துக்கொண்டிருந்தது. கட்டில் தாண்டியபோதும் அடித்தது. மலை சரிந்தபோது? கடைசி ஆள் வரும்வரை அடி என்று அவள்தான் சொல்லியிருந்தாள். கடைசி ஆள் அவன்தான் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? தண்டு அவள் தோளில் இன்னும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

இடுப்பில் கருவி கரகரத்தது. "அக்கா, செஃபெரினா அக்கா, கேட்குதா? எத்தனை பேர் வெளியே வந்தீங்க? எண்ணிக்கை சொல்லுங்க."

அவள் அழுத்தினாள். விட்டுவிட்டாள்.

"அக்கா, எண்ணிக்கை?"

அப்போது வேறொரு குரல் குறுக்கே வந்தது. தெற்குச் சரிவில் காப்பித் தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் ஊரின் மலைக் காவல்காரர் அமான்சியோ. "ரூபென், நான் அமான்சியோ பேசறேன். இங்க ஒருத்தன் தோட்டம் வழியா உருண்டு பொரண்டு வந்து விழுந்திருக்கான். மேல் முழுக்கச் சாம்பல், கால் வெந்திருக்கு. கையில அறுந்த மணிக்கயிறு, விட மாட்டேங்கிறான். பேர் கேட்டாச் சொல்லலை. புனிதரைத் தரையில இறக்கினாங்களா இல்லையான்னு திரும்பத் திரும்பக் கேக்கறான்."

செஃபெரினா குலுங்கினாள். தண்டு சாய்ந்தது. நிக்கானோர் பாய்ந்து வந்து தண்டுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவளைத் தள்ளாமல், அவள் பக்கத்திலேயே நின்றார்.

"சொல்லும்மா" என்றார். "இறக்கலைன்னு சொல்லு."

"இறக்கலை" என்றாள் அவள் கருவிக்குள். "அவன்கிட்ட சொல்லுங்க அண்ணே. இறக்கவே இல்லை." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "ரூபென், எழுதிக்க. சான் பர்த்தோலோ, இருநூத்துப் பதினஞ்சு."

"அக்கா, என் பட்டியல்ல பதினாலுதான் இருக்கு."

"உன் பட்டியல் தப்பு தம்பி" என்றாள் செஃபெரினா. "திருத்திக்க."