கடித்து வைத்த ரொட்டி

அதிகாரி துர்சுனொவ் எங்கள் ஹோட்டலின் முன்வாசலில் காலடி எடுத்து வைத்த அதே நேரத்தில், பின்வாசல் வழியாக ஒரு சரவிளக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதிகாரி வந்தது, 'சயோஹத்' ஹோட்டலுக்கு இந்த வருடம் அனுமதிச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க. சரவிளக்கு வந்தது, கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

அந்த நம்பிக்கை என் மச்சான் பக்தியோருடையது. கட்டடம் மாமனாருக்குச் சொந்தம். சான்றிதழ் கிடைத்தால் ஹோட்டலை நான் தொடர்ந்து நடத்தலாம், கிடைக்காவிட்டால் பக்தியோர் அதைக் கல்யாண மண்டபமாக்கிக் கொள்ளலாம் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சமர்கந்தில் தடுக்கி விழுந்தால் கல்யாண மண்டபத்துக்குள்தான் விழ வேண்டும். ஆனாலும் ரயிலடிக்குப் பின்னால் இன்னும் ஒன்று இல்லையே என்று பக்தியோருக்குத் தூக்கமே வரவில்லை.

"மச்சான், ஆய்வே இன்னும் ஆரம்பிக்கலை," என்றேன்.

"நீ ஆரம்பி அப்ரோர். நான் பாட்டுக்குக் கூரையை அளந்துக்கிட்டு இருக்கேன்," என்றான் அவன். சரவிளக்குக்குள் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கலாம். அவ்வளவு பெரியது.

துர்சுனொவ் ஒல்லியான மனிதர். மேல்வரிசை முழுக்கத் தங்கப் பல். சிரிக்காமலே மின்னினார். எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னல் விளிம்பில் ஆள்காட்டி விரலை ஓட்டுவார். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பிறகு, "ம்," என்பார். அந்த 'ம்' நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மாடி தப்பித்தது. வெந்நீர்கூட வந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் மாடிக்குப் போனேன். அங்கே சலோமத் அக்கா இருந்தாள்.

அந்த மாடிக்கு அவள்தான் பொறுப்பு. படியேறியதும் ஒரு மேஜை, அதன்மேல் சாவிகள், பக்கத்தில் எப்போதும் கொதிக்கும் தேநீர்க் கெண்டி, அதற்குப் பின்னால் அக்கா. அவளுக்குப் பின்னால் நீளமான நடை. நடையின் சுவர் முழுக்க நேற்று நான் ஒரு பெரிய கம்பளத்தை மாட்டியிருந்தேன். கம்பளம் அங்கங்கே வீங்கியிருந்தது.

துர்சுனொவ் ஒரு வீக்கத்தைத் தட்டினார். 'டொக்' என்றது.

"என்ன இது?"

"பழைய சுவர், ஐயா," என்றேன். "ஈரத்துல உப்பியிருக்கு."

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். தெர்மெஸ் ஊர் லாரிக்காரர் ஹோல்முரோத், வெங்காய வாசனையோடு மேலே வந்து நின்றார். முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அக்கோவ்! உசிரோட திரும்பி வந்துட்டேன்! எடு என் ரொட்டியை!"

எங்கள் வீடுகளில் பிள்ளை பட்டாளத்துக்கோ, ரஷ்யாவுக்கு வேலைக்கோ கிளம்பினால் ஒரு முழு ரொட்டியை நீட்டுவார்கள். ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். மிச்சம் சுவரில் தொங்கும். அவன் திரும்பி வந்து தின்னும்வரை அது அவனுக்காகக் காத்திருக்கும். அது காத்திருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாது. இது தாய்மார்கள் செய்வது. சலோமத் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அறையைக் காலி செய்துகொண்டு போகிற அத்தனை பேரையும் கடிக்க வைத்துவிடுவாள். பூச்சிமருந்து விற்பவர் கடித்தார். சதுரங்கப் போட்டிக்கு வந்த நடுவர் கடித்தார். சைக்கிளில் உலகம் சுற்றிய ஜெர்மன் தம்பதி ஒரே ரொட்டியில் ஆளுக்கொரு பக்கம் கடித்தார்கள்.

"கத்தாதேடா, காது அடைக்குது," என்றாள் அக்கா. கம்பளத்துக்குப் பின்னால் கையை விட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓர் ஆணியிலிருந்து ஒரு ரொட்டியை உருவினாள். கம்பளம் அவள் கையோடு வந்துவிட்டது.

சுவர் முழுக்கக் கடிபட்ட ரொட்டிகள். கூரைவரைக்கும்.

துர்சுனொவ் ஓரடி பின்னால் போனார். ஹோல்முரோத் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல் மாதிரி இருந்த ரொட்டியை முழங்காலில் அடித்து உடைத்து, தேநீரில் முக்கித் தின்ன ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பழசா இருக்கே அக்கா."

"நீயும்தான்."

"ருசியும் வேற மாதிரி இருக்கு."

"ஒழுங்காத் தின்னு. அதிகாரி பார்க்கிறாரு."

துர்சுனொவ் சுவரைச் சுட்டிக்காட்டினார். "உணவுப் பண்டம். சுவத்துல. அதுவும் எச்சில் பண்டம்!" என்றார். "சாயங்காலத்துக்குள்ள இந்தச் சுவர் காலியா இருக்கணும். இல்லைன்னா சான்றிதழ் கிடையாது."

கீழேயிருந்து பக்தியோரின் குரல் வந்தது. "அப்ரோர்! கூரையில கொக்கி அடிக்கட்டுமா?"

"பொறு மச்சான்!"

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "காலி பண்ணி எங்க போடறது? குப்பையிலயா? ரொட்டியையா? எனக்குக் கை வராது. நீயே ஒண்ணை எடுத்துப் போடு, பார்ப்போம்."

துர்சுனொவ் ஒரு ரொட்டியை நோக்கிக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. எங்கள் ஊரில் பிறந்தவன் எவனுக்கும் அது நின்றுவிடும். கையை மெதுவாகப் பையில் விட்டுக்கொண்டார்.

"அது உங்க வேலை. என் வேலை இல்ல. அப்புறம், ஐயான்னு கூப்பிடுங்க."

அக்கா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நீ அந்தக் கடைசி அறையில தங்கின புள்ளைதானே? கட்டகுர்கான்ல இருந்து வந்து, இந்த வேலைக்குத் தாஷ்கந்துல நேர்முகத் தேர்வுன்னு போனியே? பயத்துல வாந்தி எடுத்து என் வாளியை நாசம் பண்ணியே?"

துர்சுனொவின் காது சிவந்தது. "அது வந்து..."

"அன்னைக்கு அக்கா அக்கான்னு காலைச் சுத்தினே. இன்னைக்கு ஐயாவாம்!"

"அக்கா," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "கிளம்பும்போது என்கிட்ட ஒரு ரொட்டியை நீட்டினீங்களே..."

"கடிச்சே. நல்லா ஒரு வாய்."

"அது இன்னும் இருக்கா?"

"நான் என்னைக்குடா ரொட்டியைத் தூக்கிப் போட்டேன்?"

துர்சுனொவ் அப்படியே மேஜைமேல் உட்கார்ந்துவிட்டார். "என் கார் ரெண்டு தடவை குப்புறக் கவிழ்ந்துது அக்கா. ஒரு கீறல் இல்ல. ஆபீஸ்ல என்னைத் தவிர எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. அம்மாகிட்ட கேட்டேன், எனக்கு ரொட்டி கடிக்க வெச்சீங்களான்னு. இல்லையேன்னு சொன்னாங்க. அப்புறம் எதுடா என்னைக் காப்பாத்துதுன்னு..." சுவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஆனால் அதிகாரி அதிகாரிதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "சரி. ஒரே ஒரு ரொட்டின்னா அது நினைவுச் சின்னம். விதியில இடம் இருக்கு. என்னுது மட்டும் இருக்கட்டும். மத்த எல்லாத்தையும் இறக்கிடுங்க."

எனக்குப் பகீரென்றது.  அக்கா நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்தாள். ஹோல்முரோத்தின் கையிலிருந்த கடைசித் துண்டை ஒரு நொடி பார்த்தாள்.

"உன்னுது எதுன்னு தெரியலையே தம்பி," என்றாள்.

"என்னது? இப்போ இவருக்குப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தீங்க!"

"இவன் பழகின ஆளு. நீ அப்புறம் வரவேயில்லையே. காய்ஞ்சிட்டா எல்லா ரொட்டிக்கும் ஒரே மூஞ்சிதான்."

அக்கா பொய் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எல்லா ரொட்டிகளையும் காப்பாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது. துர்சுனொவுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் தெரியவில்லை என்கிற கிழவியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி என்ன செய்ய முடியும்?

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். காலணியைக் கழற்றினார். "ஸ்டூல் கொண்டா," என்றார் என்னிடம்.

ஸ்டூல்மேல் ஏறி நின்று, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாயை அகலத் திறந்து, முதல் ரொட்டியின் கடித்த இடத்தில் தன் பல்லை வைத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. நான் ஸ்டூலை நகர்த்த நகர்த்த, அவர் சுவரோரமாக வாயைத் திறந்தபடியே வந்தார். அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துண்டு கட்டிய விருந்தினர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சான்றிதழுக்கு இப்படியெல்லாம்கூடப் பார்ப்பாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"கடுமையான ஆளு," என்றார் இன்னொருவர் மரியாதையோடு.

"கொஞ்சம் இடது பக்கம், ஐயா!" என்று ஹோல்முரோத் வழிகாட்டினார். "தாடையை இறக்குங்க. இன்னும்!"

திடீரென்று துர்சுனொவ் சத்தம் போட்டார். "பொருந்துது! இதுதான்! கச்சிதம்!"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அது ஜெர்மன்காரம்மா கடிச்சது."

அவர் முகம் தொங்கிப் போனது. மொத்தச் சுவரும் முடிந்தது. எதுவும் பொருந்தவில்லை. ஸ்டூலில் நின்றபடியே விரலால் தன் மேல்வரிசையைத் தடவினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அக்கா... அன்னைக்குக் கடிச்சது என் சொந்தப் பல்லு!"

"இது யாரோட பல்லு?"

"டாக்டர் போட்டது. பழசை என்ன பண்ணினாரோ, யாருக்குத் தெரியும்!"

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. இறங்கி உட்கார்ந்து, அக்கா ஊற்றிய தேநீரைக் குடித்தார். ஒரு ரொட்டியை இறக்கினாலும் அது அவருடையதாக இருக்கலாம். வெளியே போய்க் காரில் ஏற வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பாலங்கள் வேறு இருக்கின்றன.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாமே இருக்கட்டும். காட்சிப் பொருள்னு எழுதிடறேன்," என்றார். நான் மூச்சு விட்டேன். உடனே அவர் விரலை உயர்த்தினார். "ஆனா காட்சிப் பொருள்னா அதுக்கேத்த வெளிச்சம் வேணும். விதி. இங்க ஒரே ஒரு பல்புதான் இருக்கு, அதுவும் கண்ணடிக்குது. வெளிச்சம் எங்க?"

 கீழே பக்தியோர் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கூரையை அளக்கிற சத்தம் கேட்டது.

"வெளிச்சம் வந்து இறங்கியிருக்கு, ஐயா," என்றேன்.

அரை மணி நேரத்தில் சரவிளக்கு இரண்டாம் மாடி நடையில் தொங்கியது. அதைத் தூக்கி வந்த ஆட்களோடு பக்தியோரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தான். எதற்காக மாட்டுகிறோம் என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. விளக்கு எரிந்து, ரொட்டிகள் பளபளத்து, துர்சுனொவ் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"அப்ரோர், அது என் விளக்கு!"

"நம்ம குடும்ப விளக்கு மச்சான்."

நடையின் கூரை தாழ்வானது. விளக்கு நெஞ்சுயரத்துக்கு இறங்கிவிட்டது. அறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இன்றைக்கும் குனிந்துதான் போக வேண்டும். ரொட்டிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போவது போலிருக்கும்.

அதிகாரியும் லாரிக்காரரும் போன பிறகு நான் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "என்ன நடிப்பு அக்கா! தெரியலையேன்னு சொன்னீங்களே, நானே நம்பியிருப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு ரொட்டியைக் காட்டினாள். கடித்த இடத்தின் நடுவே, ஒரு பல் இல்லாததால், சின்னக் கோபுரம் போல ஒரு மேடு நின்றது.

"இதுதான் லாரிக்காரனோடது."

"அப்போ அவர் தின்னது?"

"கம்பளத்துக்குப் பின்னாடி கையை விட்டா எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? அதிகாரி பக்கத்துல நிக்கிறான், அவசரம். பக்கத்து ஆணியில இருந்ததை உருவிட்டேன்."

"பக்கத்து ஆணியில யாருது?"

அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே துர்சுனொவ் முத்திரைப் பையோடு, நிம்மதியாக, காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். "அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாது. ரொட்டி வீணாப் போகலையே. ஒரு மனுஷன் வயித்துலதானே இருக்கு," என்றாள் அக்கா யோசித்து. "அந்த மனுஷன் நல்லா இருந்தா இவனும் நல்லா இருப்பான்."

அன்றிலிருந்து ஹோல்முரோத்துக்கு நான் ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தேன். மெதுவாக ஓட்டுங்கள், மலைப்பாதை வேண்டாம், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று. தன் பெண்டாட்டிகூட இவ்வளவு கேட்டதில்லை என்று முதலில் உருகினார். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

முலாம்பழ சீசனில் அவரே நேரில் வந்தார். இந்த முறை படியில் தடதட சத்தம் இல்லை. வெங்காய வாசனையும் இல்லை. மேல்சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டிருந்தார். சரவிளக்குக்குக் கீழே குனிந்து வந்து, நேராக ஜன்னலுக்குப் போய், விளிம்பில் ஆள்காட்டி விரலை ஓட்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"ம்," என்றார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா சட்டென்று மூன்றாவது வரிசையிலிருந்து, கோபுரம் வைத்த அந்த ரொட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாடா, இதையும் தின்னுடு. ஒரே வாயில. கேள்வி கேட்காதே."

ஹோல்முரோத் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"சுவத்துல தொங்கின பண்டம் அக்கா," என்றார். "விதியில இடம் இல்ல."