உப்புப் பானையில் சேசுபாலன்

1

இந்தக் கதை ஒரு மழையில் பிறந்தது. சாந்தோம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கோயில். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள், பார்த்தால் என் பொய் வெளுத்துவிடும். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஓர் அந்தோணியார் சுரூபம், மரச்சிலை. புனிதர் நல்ல வர்ணத்தில், பளிச்சென்று இருந்தார். அவர் கையில் இருந்த குழந்தை இயேசு, சேசுபாலன் மட்டும் தோல் உரிந்து, மூக்கு நுனி வெளுத்து, அம்மை போட்டு எழுந்த பிள்ளை மாதிரி.

மெழுகுவர்த்தி விற்ற அம்மாவிடம், "குழந்தை மட்டும் ஏன் இப்படி?" என்றேன்.

"அது அப்படித்தான்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. யாருக்கும் காரணம் தெரியாது என்றால் நான் சொல்வதுதான் காரணம்.

2

முதல் தொடக்கம்: "வங்கக் கடலின் அலைகள் வெள்ளி நுரை கக்கி" [வேண்டாம். அலை இல்லாமல் ஒரு கடற்கரைக் கதை எழுதிக் காட்டுகிறேன் என்று நண்பரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: "ஆண்டவருக்காகப் பொறுமையோடு காத்திருத்தல் என்பது கிறிஸ்தவ வாழ்வின் மாபெரும்" [பிரசங்கம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.]

மூன்றாம் தொடக்கம்: 1931-ல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மீன்காரி தேசம்மா அந்தோணியார் கையிலிருந்து குழந்தையைக் கழற்றித் தன் கூடையில் போட்டு, மேலே நாலு சங்கரா மீனை வைத்து மூடி, வீட்டுக்குக் கொண்டு போனாள்.

இது இருக்கட்டும். திருட்டில் தொடங்கினால் வாசகர் எழுந்து போகமாட்டார்.

3

ஏன் திருடினாள்?

தேசம்மாவுக்கு ஒரே மகன், மிக்கேல். புருஷன் காலமாகிப் பத்து வருஷம். பையனுக்குப் பத்தொன்பது வயதானபோது, கட்டுமரத்தில் ஏறமாட்டேன், கப்பலில்தான் ஏறுவேன் என்றான். ரங்கூனில் நல்ல வேலை கிடைக்கிறதாம். வாய்ச்சண்டை முற்றியது. "தொலைஞ்சு போடா" என்றாள். அதுவரை ஒருநாளும் அம்மா பேச்சைக் கேட்காத பிள்ளை, அன்றைக்குப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

ரங்கூனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடம் மீன் வாங்கும் லூயிசா டீச்சர் படித்துச் சொன்னாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறானாம். சோறு சரியில்லையாம். அம்மா போடுகிற வஞ்சிரக் கருவாடு நினைவுக்கு வருகிறதாம். அந்தக் கோடையில் ரங்கூன் துறைமுகத்தில் கலகம், நம் ஆட்களை வெட்டுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதன்பின் கடிதம் இல்லை. ஒரு வருஷம்.

[இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டே அழுதால் கையை வெட்டிக்கொள்வாள். அவளுக்கு அது தெரியும்.]

4

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அவருக்குப் பதிமூன்று செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னால் கேட்டது கிடைக்கும் என்பது ஊர் வழக்கம். தேசம்மா பதிமூன்றும் முடித்தாள். முடித்த கையோடு உபதேசியார் ஸ்தனிஸ்லாஸைப் பிடித்துக்கொண்டாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். சாமியார் இல்லாத நாளில் கோயிலில் ஜெபம் சொல்லி வைப்பவர்.

"பதிமூணும் ஆச்சு உபதேசியாரே. லெட்டரு வரல."

"சர்வேசுரனுக்கு நாம கெடு வைக்கலாமா தேசம்மா? பொறுமையாக் காத்திருக்கணும்."

"எத்தினி நாளு?"

"அவருக்குச் சித்தமாகிற வரைக்கும்."

"நீங்க வாத்தியாரு, காத்துக்கினு இருப்பீங்க. நான் மீனு விக்கிறவ. காலைல புடிச்ச மீனு சாயங்காலம் வரிக்கும் காத்துக்கினு இருந்தா இன்னா ஆவும்? நாறிப்பூடும். எங்க பொழப்புல பொறுமைன்னா நாத்தம்."

உபதேசியார் வாயைத் திறந்தார். மூடினார். இரண்டாயிரம் வருஷத்து வேதசாஸ்திரத்தில் மீனுக்குப் பதில் இல்லை.

"இன்னும் ஒரு பதிமூணு செய்து பாரேன்" என்றார்.

செய்தாள்.

5

லூயிசா டீச்சர் குடும்பம் பறங்கியர் காலத்திலிருந்து சாந்தோமில் இருப்பது. வீட்டில் மூலைக்கொரு சுரூபம். தேசம்மா வாசலில் கூடையை இறக்கி, இருபத்தாறு செவ்வாய்க்கிழமைக் கதையையும் சொன்னாள்.

"கெஞ்சினா நடக்காது தேசம்மா" என்று சிரித்தாள் டீச்சர். "என் மூக்குக்கண்ணாடி காணாமப் போனா நான் என்ன செய்வேன் தெரியுமா? அந்தோணியார் கையில இருக்கிற குழந்தையை எடுத்து அலமாரியில பூட்டிடுவேன். என்னுதைக் குடு, உன்னுதைக் குடுக்கிறேன்! எங்க அம்மா காலத்து வழக்கம்."

"கெடச்சுதா?"

"ரெண்டே நாள். தலையணைக்கு அடியிலயே இருந்துது. சரி, இந்த வவ்வால் என்ன விலை?"

டீச்சர் பாதி விலைக்குக் கேட்டாள். தேசம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். [டீச்சருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மீன்காரி பேரம் பேசவில்லை என்றால் உலகத்தில் எங்கோ ஓர் ஆணி கழன்றிருக்கிறது.]

டீச்சர் சொன்னது வீட்டுச் சுரூபத்தோடு செல்லமாகப் போடுகிற சண்டை. தேசம்மா வீட்டில் சுரூபம் ஏது? அவளுக்குத் தெரிந்த அந்தோணியார் ஒருவர்தான். ஊருக்கே பொதுவானவர். திருநாளில் துடைக்க வசதியாக அவருடைய குழந்தையைத் தனியே செய்து, ஒரு மர முளையில் செருகியிருந்தார்கள். இழுத்தாள், வந்துவிட்டது.

கருவாட்டுக்கு வைத்திருந்த உப்புப் பானையில் கழுத்துவரை புதைத்தாள்.* "என் புள்ள வரட்டும். உன் புள்ளய தரேன்" என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னாள். பானையின் வாயைத் துணி கட்டி மூடப் போனவள், கட்டவில்லை. மூச்சு முட்டும்.

* வர்ணம் பூசிய மரத்தை உப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தச்சரைக் கேட்டேன். "ஏன் சார் வைக்கணும்?" என்றார். அதற்குமேல் ஆராய்ச்சி செய்யவில்லை.

6

அடுத்த நாள் தெரு முழுக்க, குழந்தையைக் காணோம் என்ற பேச்சு. தேசம்மாவோடு கூடை தூக்கும் கெங்கம்மா இந்து. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏ தேசம்மா, காணாப்போனதெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கற சாமிதானே உங்களுது? இப்ப அவரு புள்ளயவே காணமாமே! அவரு யாராண்ட போயி கேப்பாரு?"

"உன் வேலயப் பாத்துக்கினு போடி."

"எங்க அம்மனாண்ட வேணா ஒரு வார்த்த சொல்லி வெக்கட்டா?"

உபதேசியாருக்கும் அதே சிக்கல்தான். பொருள் காணாமல் போனால் அந்தோணியாரிடம் வேண்டவேண்டும். அவருக்கு வேறு வழி தெரியாது. செவ்வாய்க்கிழமை எல்லோரையும் முழங்காலில் நிறுத்தினார்.

"அர்ச்சியசிஷ்ட அந்தோணியாரே, காணாமற்போன உம்முடைய குழந்தையைக் கண்டெடுக்கும்படி..." இங்கே அவருக்கே எங்கோ இடித்தது. தொண்டையைச் செருமினார். தொடங்கியதை விடமுடியாது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கூட்டம். உரக்கச் சொன்னவள் தேசம்மா.

7

ஏழு செவ்வாய் போயிற்று. ரங்கூனிலிருந்து ஒன்றும் வரவில்லை. எட்டாவது செவ்வாய் மத்தியானம், காலிக் கூடையோடு கோயிலுக்குள் வந்து, புனிதருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். என்ன மனுசன் நீ, பெத்த பிள்ளை மாதிரி வைத்திருந்தாயே, ஒரு பதைப்பு வேண்டாமா என்று கேட்க வந்தவள், அவர் கையைப் பார்த்தாள்.

குழந்தை இருந்தபோது கையை யாரும் பார்ப்பதில்லை. இப்போது கைதான் தெரிந்தது. ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு வளைந்து, விரல்கள் லேசாக விரிந்து, ஏழு வாரமாக அதே இடத்தில். மரத்தில் செதுக்கிய கை மடங்காது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், தேசம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள்:

"இன்னா நைனா, கை நோவலியா?"

அவர் எப்போதும்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எட்த்தேன்னு தெரியும் உனக்கு. காட்டிக் குடுக்கல. கையும் எறக்கல."

போன மாதம்தான் தேசம்மா, மிக்கேலுக்காக அதுவரை எடுத்து வைத்திருந்த சோற்றுத் தட்டைத் துடைத்துப் பரணில் ஏற்றியிருந்தாள்.

[இங்கே விளக்கமாக இரண்டு பக்கம் எழுதலாம். எழுதினேன். கிழித்தேன்.]

எழுந்து வீட்டுக்குப் போனாள். பானைக்குள் கையை விட்டாள். முகம் வரை ஏறியிருந்த உப்பைத் தட்டத் தட்ட வர்ணமும் சேர்ந்து உதிர்ந்தது. பதறிப்போய்த் தட்டுவதை நிறுத்தினாள். முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, முளையில் செருகி, கை எட்டிய மட்டும் புனிதரின் விரல்களைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ தரப்போ தா. நான் இங்கியேதான் கீறேன்."

8

ஒரு பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. ஸ்தனிஸ்லாஸ். முதல் பிரதியில் அவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "அடிப்பாவி! சர்வேசுரன் வீட்டிலேயே" என்று கத்துகிறார். எழுதும்போது குஷியாக இருந்தது. படித்தபோது, பதில் தெரியாமல் வாயை மூடிக்கொண்ட அந்த மனுஷரா இவர் என்று தோன்றியது. எனவே திருத்தம்:

அவர் உள்ளே வந்தார். குழந்தையைப் பார்த்தார். கிட்டே போய் அதன் கன்னத்தை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார். தேசம்மாவின் முந்தானை எல்லாம் உப்பு.

"லெட்டர் வந்துதா தேசம்மா?"

"வரல."

"வரல?"

"வரல உபதேசியாரே."

பொறுமையைப் பற்றி அவருக்கு மனப்பாடமாக எத்தனையோ வசனம் தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை. மேல்துண்டால் குழந்தையின் முகத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, போய் மணியை அடித்தார். கிடைத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார். யார், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கோயில் முழுக்க ஒரு மாதம் கருவாட்டு வாசனை அடித்தது. எல்லோருக்கும் மூக்கு இருந்தது.

9

முடிவு அ: மறுநாளே மிக்கேல் வந்துவிடுகிறான். [கூடாது. பேரம் படிந்ததாக ஊர் நினைக்கும். அப்புறம் சென்னையில் ஒரு சுரூபத்துக்கும் குழந்தை மிஞ்சாது.]

முடிவு ஆ: ரங்கூனிலிருந்து தந்தி. [அந்த ஒரு வரியை எழுத ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. இலக்கியத் தரம் குறைந்தால் குறையட்டும்.]

முடிவு இ: பல வருஷம் கழித்து, மிக்கேல் பெண்டாட்டி பிள்ளையோடு. [பிள்ளைக்கு அந்தோணி என்று பெயர் வைக்கப் பேனா துடித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.]

இனி மறைத்துப் பயனில்லை. மிக்கேலைக் கொண்டுபோனது ரங்கூன் கப்பலா? ஒரு கதை வேண்டும் என்பதற்காக, மூன்றாம் பாகத்தில் அவள் கையிலிருந்து பிள்ளையைக் கழற்றியவன் நான். கடைசிவரை படியுங்கள், தருகிறேன் என்று உங்களோடு பேரம் பேசியதும் நான். திருப்பி வைத்துவிடலாம். ஆனால் நான் வைத்தால் அது முளையில் செருகிய மரப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பரணிலிருந்து தட்டு இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் தேசம்மா கூடையில் ஒரு வஞ்சிரத்தை விற்காமல் நிறுத்திக்கொள்கிறாள். கீறி, அதே பானையின் உப்பை அள்ளிப் பூசுகிறாள். "யாருக்குடி இத்தினி கருவாடு?" என்கிறாள் கெங்கம்மா. "துன்றவன் வருவான்" என்கிறாள்.

இன்றும் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம். தேசம்மா கூடையை இறக்கிவிட்டு நிமிர்கிறாள். தெருமுனையில் யாரோ ஒருவன், தோளில் தகரப் பெட்டி. வெயில் கண்ணைக் கூசுகிறது. ஆள் தெரியவில்லை. கையை நெற்றிக்கு உயர்த்தி, அவள்

மீதியை உங்களிடம் விடுகிறேன். அவன் மிக்கேலாக இருக்கலாம். தெரு தெரியாமல் வந்தவனாகவும் இருக்கலாம். இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று இல்லை. உயர்த்திய கையை அவள் இறக்கப் போவதில்லை. பானையில் உப்பு இருக்கிறது.