இல்லை இல்லாத கேள்வி

1976 குளிர்காலத்தில் ஜாக்கை எங்கள் மெல்பேர்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலோடு சேர்த்துக் கையில் விலங்கு போட்டிருந்தது. மலைக்காட்டில் டிங்கோ என்னும் காட்டுநாய்களுக்குப் பொறி வைத்துத் தனியே சீவித்த கிழவர். மால்டாக்காரன் என்றார்கள், ஆப்கானியன் என்றார்கள். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. துப்பாக்கிச் சூடு பட்ட மரவெட்டி ஒருவனைத் தோளில் சுமந்துவந்து றோட்டோரம் கிடத்தியிருக்கிறார். அவன் செத்துப்போனான். காலில் சீழ் பிடித்து அங்கேயே விழுந்து கிடந்த இவரைப் பொலிஸ் பிடித்துவிட்டது.

"ஒப்புக்கொண்டுவிட்டான் சிஸ்டர்," என்றார் டிடெக்டிவ் டொயில். "'நீ அவனைக் கொல்லவில்லையே?' என்று கேட்டேன். 'யெஸ்' என்றான்."

அந்த யெஸ்ஸை எனக்குத் தெரியும். நான் சிலோனிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நர்ஸ் விடுதியில், "நீ மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாயா?" என்று கேட்டார்கள். "யெஸ்" என்றேன். அந்த வாரம் முழுக்க மாட்டிறைச்சிதான் வந்தது. வெள்ளைக்காரருக்கு அந்த யெஸ், சாப்பிடுவேன். எங்களுக்கோ, ஓம், நீங்கள் சொன்னது சரி, சாப்பிடமாட்டேன்.

டொயில் சிகரெட் பிடிக்க வெளியே போனார். இவரும் எங்கள் ஆளோ என்ற சந்தேகத்தில், புண்ணுக்கு மருந்து கட்டும் சாக்கில் குனிந்து, தமிழில் கேட்டேன். "ஐயா, நீங்கள் அவனைக் கொல்லேல்லைத்தானே?"

கிழவர் தலையைத் தூக்கினார். "ஓம்," என்றார். "நான் காணேக்கையே சூடு பட்டுக் கிடந்தவன். ஆர் சுட்டதெண்டு தெரியாது. உயிர் இருந்தது. அதுதான் தூக்கினனான்."

"அப்ப நான் பொலிசுக்குச் சொல்லுறன். எங்கட ஆக்கள் இப்பிடித்தான் மறுமொழி சொல்லுவினம் எண்டு."

"வேண்டாம் பிள்ளை. நான் வேலை செய்த கப்பல் கடலுக்குள்ள தாண்டு நான் செத்துப்போனன் எண்டு ஊரிலை செத்தவீடும் முடிஞ்சுது. மனிசி என்ர தம்பியைக் கலியாணம் முடிச்சுப் பிள்ளையளோட இருக்கிறாள். அதை அறிஞ்சுதான் காட்டுக்குள்ள போனனான். நான் உயிரோட எண்டால் ஊர் அவளை என்ன சொல்லும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்வாய்க்குப் பயந்து, செய்யாத கொலைக்குச் சிறைக்குப் போகப் போகிறாராம். மருந்துக் கட்டைப் பாதியில் விட்டுவிட்டு டொயிலிடம் போனேன். கிழவரின் குடும்பக் கதையை விட்டுவிட்டு, மாட்டிறைச்சிக் கதை முழுவதையும் சொன்னேன்.

டொயில் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. நேரே கட்டிலருகே வந்தார்.

"ஜாக், நீ சிலோன்காரனாமே. சுத்தமாக ஒருமுறை கேட்கிறேன். நீ செய்யவில்லை என்றால் விசாரணையைத் திரும்பத் தொடங்குவேன். நீ யார் என்று அறியக் கொழும்புக்குப் படமும் கைரேகையும் அனுப்புவேன். செய்தாய் என்றால் எல்லாம் இத்தோடு முடிந்தது. சொல். அவனைக் கொன்றது நீயா?"

இந்தக் கேள்வியில் 'இல்லை' இல்லை. இதற்கு யெஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். கிழவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் டொயிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"யெஸ்," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கிழவர் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். சொல்லி என்ன, டொயில் ஏற்கெனவே தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

கோபமும் அழுகையுமாக மிச்சக் கட்டைக் கட்டி முடித்தேன். கிழவர் காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"தேங்க் யூ, சிஸ்டர்," என்றார்.